சப்பாத்துக்குள் கொழுந்து

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து. தங்கை செத்தபோது அவளுடைய இரண்டையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்தேன். ஏழும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒரே காம்பரா அறையில், ஒரே அடுப்பில் வளர்ந்தவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை போனேன். அதனால் என் எழுத்து பெரிதாகத்தான் வரும், வரி மேலேயும் கீழேயும் போகும். போகட்டும். நான் கூடையோடு ஏறி இறங்கிய மலையும் அப்படித்தான் இருந்தது.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் இருந்து எங்கள் லயத்தில் என்னைப் பற்றி இரண்டு கதை நடக்கிறது. நான் ஒரு ஆர்மிக்காரனை ஒளித்து வைத்தேன், பெற்ற மகனின் காலை முறித்தவர்களுக்கே ரொட்டி சுட்டுப் போட்டேன் என்பது ஒன்று. அவனைக் காட்டிக்கொடுத்து சாமான் பார்சல் வாங்கினேன் என்பது மற்றது. இரண்டையும் ஒரே வாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒளித்தவள் எப்படிக் காட்டிக்கொடுப்பாள் என்று அந்த வாய்க்குத் தோன்றவில்லை. முதல் கதையில் பாதி உண்மை. இரண்டாவது முழுப்பொய். நான் யாரிடமும் தலை குனிய வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிறது. தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். ஒரு நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு எல்லாரையும் வரச்சொன்னார்கள். வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்ட என்னைப் போன்றவர்களும் போனோம். தோட்டத்துத் துரைக்குப் பக்கத்தில் ஒரு ஆர்மி ஆபீசர் நின்றார். இளவயது, இஸ்திரி போட்ட சட்டை. அவர் சிங்களத்தில் சொன்னதைத் துரை தமிழில் சொன்னார்.

கொமாண்டோப் பயிற்சிக்காரர்களை மேல்காட்டில் ஒவ்வொருவராக இறக்கிவிடப் போகிறார்களாம். கையில் சாப்பாடு இருக்காது, காசு இருக்காது. யார் கண்ணிலும் படாமல் மலையை இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டுமாம். வேறு ஆர்மிக்காரர்கள் அவர்களைத் தேடிப் பிடிப்பார்களாம். பிடிபட்டவன் அந்தத் தரம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாங்கள் சாப்பாடு கொடுக்கக் கூடாது, இடம் கொடுக்கக் கூடாது. கண்டால் சொல்ல வேண்டும். சொல்கிறவர்களுக்கு அரிசி, பருப்பு, பால்மா வைத்த பார்சல்.

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "ஐயா, சண்டைதான் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்குங்க இந்த ஒளிஞ்சு விளையாட்டு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். பெரிய பட்டாளம் போனால் சத்தம் கேட்கும், தூசி தெரியும். அது போக முடியாத இடத்துக்குப் போகச் சின்னக் குழு வேண்டும். எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய், பார்க்க வேண்டியதைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்து, சொல்லாமல் திரும்ப வேண்டும். யாரையாவது பணயமாகப் பிடித்து வைத்தால் மீட்க வேண்டும். மண்சரிந்து பாதை அறுந்த இடத்துக்குக் கயிற்றில் இறங்க வேண்டும். வருகிற நூறு பேரில் ஒரு கைப்பிடிதான் தேறும் என்றார்.

"நம்ம மலையில மட்டும் பறிக்க வர்ற எல்லாரும் தேறணும்" என்றாள் என் மருமகள், என் காதுக்கு மட்டும். அவள் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மூத்த மகனின் மனைவி.

அந்தக் கூட்டத்துக்கு மூத்தவன் வரவில்லை. அவனைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

அவனுக்கு இருபது வயது இருக்கும்போது ஹட்டனில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். சண்டைக் காலம், ஆர்மி செக்கிங். கார்டு கேட்டார்கள். அந்தக் காலத்தில் எங்களில் நிறையப் பேருக்கு அடையாளக் கார்டு கிடையாது. பிறந்தது இங்கே, வேலை இங்கே, செத்தால் புதைப்பதும் இங்கே, கார்டு மட்டும் இல்லை. இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்ஸில் எங்கள் தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள். 'இவன் எங்க ஆளு' என்று ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயம். நான் அவர்களைக் குற்றம் சொல்வதில்லை. அவன் சொல்வான். இன்றைக்கும் சொல்வான்.

பிறகு லயத்துக்கு வந்து என்னைக் கேட்டார்கள். அவனுடைய கூட்டாளிகளின் பேரைச் சொன்னால் மகனை விடுகிறோம் என்றார்கள். எனக்கு எல்லாப் பேரும் தெரியும். எல்லாம் என் அடுப்பில் தேத்தண்ணி குடித்த பிள்ளைகள். நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னால் போனவன் பொங்கல் கழிந்து வந்தான். இடது கால் மடங்கவில்லை. இன்றுவரை மடங்கவில்லை. மலை வேலைக்குப் போக முடியாமல் மாடு வளர்க்கிறான், மரக்கறி போடுகிறான். கீழ்ப் பாதையில் ஆர்மி வாகனச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம்.

கூட்டம் நடந்து சில நாள் போயிருக்கும். விடாத மழை. காலையில் மகன் புல் அறுக்கப் போயிருந்தான். நான் விறகு எடுக்க மாட்டுப்பட்டிக்குப் போனேன். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறைக் காயவைத்து அங்கேதான் அடுக்கியிருப்போம். அடுக்குக்குப் பின்னால் இரண்டு கண் தெரிந்தது. முகம் முழுக்கச் சேறு.

"அம்மே, சத்தம் போடாதீங்க" என்றான். சிங்களப் பொடியன். அவன் பேசியதை என் தமிழில்தான் எழுதுகிறேன். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது.

"யாரைப் பாத்துச் சத்தம் போடாதேன்னு சொல்ற? இது என் மாட்டுப்பட்டி."

"நீங்க என்னைப் பாக்கக் கூடாது அம்மே. பாத்தா நான் போச்சு."

"பாத்தாச்சே. இனி என்ன, கண்ணைத் தோண்டிக் குடுக்கவா?"

சிரிக்கப் பார்த்தான், பல்லு அடித்துக்கொண்டது. நடுக்கம். கால்சட்டை மேலே ஏறியிருந்த இடத்தில் அட்டை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நான் போய்ச் சவர்க்காரமும் சுடுதண்ணியும் கொண்டுவந்து அட்டையைக் கழற்றினேன். பால் போடாத சாயத்தண்ணி கொடுத்தேன். காலையில் சுட்ட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கொடுத்தேன். ரொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாங்கவில்லை.

"சட்டப்படி நீங்க குடுக்கக் கூடாது."

"உன் சட்டம் உனக்கு. மழையில வந்து ஒண்டுனவனுக்குத் தேத்தண்ணி குடுக்காம அனுப்புற பழக்கம் எங்க லயத்துல இல்ல. உன் ஆபீசருக்காக நான் அதை மாத்த மாட்டேன். தின்னு."

தின்றான். தின்கிற வேகத்தைப் பார்த்து இன்னொரு ரொட்டியை வைத்துவிட்டு, யார் பிள்ளை என்று கேட்டேன். வறண்ட பக்கத்தில் ஏதோ வயல் கிராமம், அம்மா மட்டும்தான் என்றான். இது அவனுக்கு இரண்டாவது தரம். முதல் தரம் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிடிபட்டானாம். இந்தத் தரமும் பிடிபட்டால் மூன்றாவது தரம் கிடையாது.

"அப்படி என்னடா அந்தக் கொமாண்டோவுல இருக்கு?" என்று கேட்டேன். அதற்குப் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஒப்பித்தான். ஆப்பிரிக்காவில் விவசாயிகள் இருந்தார்களாம். அவர்களோடு சண்டைக்கு வெள்ளைக்காரன் பெரிய பட்டாளத்தைக் கொண்டு போனானாம். விவசாயிகள் குதிரையில் சின்னச் சின்னக் கூட்டமாக வந்து அடித்துவிட்டு மறைந்துவிடுவார்களாம். அந்தக் கூட்டத்தின் பேர்தான் கொமாண்டோ. பிறகு ஜெர்மன்காரனோடு சண்டை வந்தபோது, தன்னைப் பாடாய்ப் படுத்திய அந்தப் பேரையே எடுத்து வெள்ளைக்காரன் தன் ஆட்களுக்கு வைத்தானாம். அங்கிருந்து ஒவ்வொரு நாடாகப் பரவியது. பிடிபட்ட விவசாயிகளைக் கப்பலில் ஏற்றி இங்கே தியத்தலாவையில்தான் அடைத்து வைத்திருந்தார்களாம்.

எனக்கு அது பிடித்திருந்தது. மண் கொத்துகிறவன் தொடங்கிய வேலை. வெள்ளைக்காரன் எங்களிடமிருந்தும் எவ்வளவோ எடுத்தான், ஆனால் எங்கள் பேரை எடுத்துத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் மகன் புல்லுக்கட்டோடு வந்தான். பட்டி வாசலில் நின்றான். பொடியன் முகத்தை அவன் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான். ஆர்மி பூட்ஸ், கறுப்புச் சப்பாத்து.

"இது என்னம்மா?"

"மழைக்கு ஒண்டுனான்."

"நான் யாருன்னு கேக்கல. இது என்னன்னு கேக்குறேன். இந்தச் சப்பாத்து எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்."

"இவன் இல்லடா அது. அப்ப இவன் பொறக்கவே இல்ல."

"சட்டை பொறந்திருச்சில்ல."

மகன் புல்லுக்கட்டை மாட்டுக்கு முன்னால் போட்டான். மூலையில் இருந்த தடியை எடுத்துக்கொண்டு, மழையில் கீழ்ப் பாதைப் பக்கம் நடந்தான். அங்கே காலையில் இருந்து தேடுகிறவர்களின் ஜீப் நிற்கிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே ஓடுகிறவன் இன்றைக்கு அதை நோக்கிப் போகிறான்.

பொடியனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிக்கொண்டான். "அவர் சொல்லப் போறாரா அம்மே?"

"சொன்னாலும் சொல்வான். அது அவன் உரிமை" என்றேன்.

நான் மகனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம், நான் கூப்பிட்டால் நிற்பான். அவன் காலுக்கு விலை வைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அதே மாதிரி, என் அடுப்பில் தேத்தண்ணி குடித்தவனைப் பிடித்துக் கொடுக்க அவனுக்கும் நான் அதிகாரம் கொடுக்கவில்லை. அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு. பகல் கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்கியிருந்தது. பறிக்கிற பெண்கள் எங்கள் லயத்துக்குப் பின்னால்தான் மடுவத்துக்கு இறங்குவார்கள். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாலம்.

என் பழைய கூடையை எடுத்தேன். பொடியனின் இடுப்பில், பறிக்கிற பெண்கள் மாதிரி, படங்குச் சாக்கைக் கட்டிவிட்டேன், தலையில் ரப்பர் சீட்டைப் போட்டேன். பெண்கள் வரிசைக்கு முன்னால் மருமகள் வந்தாள். பார்த்தாள். பின்னால் திரும்பி, "ஏய், எங்க மாமி புதுசா ஒரு ஆள் பிடிச்சிருக்கு, வாங்கடி" என்றாள்.

பொடியன் கூடைக் கயிற்றை நெற்றியில் போட்டிருந்தான். ஒருத்தி வரப் பார்த்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை உச்சந்தலைக்கு ஏற்றினாள். "இவ்வளவு நேரா நிமிந்து நிக்கிற கொழுந்துக்காரியை எங்கடி கண்டீங்க?" என்றாள் இன்னொருத்தி. வெறுங்கூடையோடு குனிந்தால் பொய் தெரியும். அதனால் ஒவ்வொருத்தியும் தன் கூடையில் இருந்து இரண்டு கை கொழுந்தை அவன் கூடையில் போட்டாள். அது அவரவர் அன்றைய நிறை, அதற்குத்தான் கூலி. யாரும் கேட்டு வாங்கியது இல்லை. கூடை கனத்தது, அவன் தானாகக் குனிந்தான்.

"மீசை வெச்ச மருமக இப்பத்தான் அமைஞ்சிருக்கா ஒங்களுக்கு" என்று ஒருத்தி என்னைக் கேலி செய்தாள்.

"அடி போடி, ஒனக்கும் மீசை இருக்கு. நான் சொன்னேனா?"

நானும் கூடவே இறங்கினேன். படங்கு குட்டையாக இருந்தது. அதற்குக் கீழே கறுப்புச் சப்பாத்து தெரிந்தது. கழற்றச் சொல்ல மறந்துவிட்டேன். பாதி வழியில்தான் கண்டேன். திரும்ப முடியாது.

பாதை திரும்புகிற முடக்கில் ஜீப். நான்கைந்து பேர், துப்பாக்கியோடு. அவர்களுக்குப் பக்கத்தில் என் மகன், தடியை ஊன்றிக்கொண்டு. அவர்களில் ஒருவன் அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வரிசையைக் கண்டதும் அந்தப் பேச்சு நின்றது.

"யாராவது புது ஆளைப் பாத்தீங்களா?"

"எங்க ஐயா, கண்ணு முழுக்கத் தண்ணி, ஒன்னும் தெரியல" என்றாள் மருமகள், நடக்கிற நடையை நிறுத்தாமல்.

மகன் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். முகத்தை இல்லை. காலை. செருப்பு, செருப்பு, வெறுங்கால், ரப்பர் பூட்ஸ். பிறகு அது. அவன் பார்வை அங்கே நின்றது. அந்தப் பார்வை போன இடத்தைக் கேள்வி கேட்டவனும் கவனித்துவிட்டான். கழுத்தை நீட்டினான்.

"அது யாரு, அந்த உயரமான ஆள்?"

என் மகன் நிமிர்ந்தான். பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்ட நாளுக்குப் பிறகு ஒரு துப்பாக்கிக்காரனின் முகத்தை அவன் நேராகப் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"அப்பே கெதர கெனெக்" என்றான் சிங்களத்தில். எங்க வீட்டு ஆளு.

அவ்வளவுதான். அவர்கள் வழி விட்டார்கள்.

மடுவத்தில் கங்காணி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "யாருடி இது கரட்டு இலையும் காம்புமா?" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தபோது கூடை மட்டும்தான் இருந்தது. பெண்கள் தங்கள் கொழுந்தைத் திரும்பப் பிரித்துக்கொள்ளும்போது யாருக்கு எவ்வளவு என்று சண்டை வந்தது. அந்தச் சண்டையில்தான் விஷயம் லயம் முழுக்கத் தெரிந்தது.

மறுநாள் ஆபீசர் வந்தார். துரையும் கூட வந்தார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலி போட்டேன். இருவரும் உட்காரவில்லை.

"ஒருத்தன் பாலத்தைத் தாண்டிட்டான். சப்பாத்தைக் கழற்றினா உள்ளே கொழுந்து" என்றார் ஆபீசர். "காட்டுல வந்தவன் சப்பாத்துக்குள்ள கொழுந்து எப்படி வரும்?"

"இங்க காத்துலயே கொழுந்து பறக்கும் ஐயா."

துரைக்குக் கோபம் வந்தது. "ஐயா கேக்குறதுக்குச் சரியாப் பதில் சொல்லு. தோட்டத்துப் பேரு கெட்டுப்போகும். அவன் ஒங்க கதவைத் தட்டுனானா இல்லையா?"

"என் வீட்டுக் கதவை யாரும் தட்டல." அது உண்மை. மாட்டுப்பட்டிக்குக் கதவு இல்லை.

ஆபீசர் கையைக் காட்டித் துரையை நிறுத்தினார். "அம்மே, நான் தண்டிக்க வரல. அவன் யாரையாவது மிரட்டினானா, எதையாவது திருடினானா என்பதுதான் எனக்குத் தெரியணும். அப்படிச் செஞ்சிருந்தா அவன் எங்களுக்கு வேண்டாம்."

"திருடியிருந்தா நானே மாட்டுக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்திருப்பேன். என் வீட்டுல ஒன்னும் களவு போகல. என்னை யாரும் மிரட்டல. ஆனா யாரு வந்தான்னு சொல்ல மாட்டேன். நீங்க எங்கிட்டப் பேரு கேட்டு வர்றது இது ரெண்டாவது தரம். முதல் தரம் என் மகனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுக் கேட்டீங்க. அப்பவும் சொல்லல."

"அப்ப நான் சின்னப்பிள்ளையா இருந்திருப்பேன் அம்மே."

"இருக்கலாம். சட்டை அதேதான்."

துரை இருமினார். ஆபீசர், எதிரி நாட்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டவனுக்கு எப்படி நடப்பது, எதைத் தின்பது என்று எல்லாம் சொல்லித்தருகிறோம், யாரை நம்புவது என்று சொல்லித்தர முடியவில்லை என்றார்.

"அப்ப உங்க வேலையில பாதி எங்க கையில இருக்கு" என்றேன். "யாரோ ஒருத்தி வாயை மூடிக்கிட்டு இருந்தாத்தான் உங்க ஆள் உயிரோட திரும்புவான். அவளுக்கும் ஒரு தொப்பி குடுங்க."

சிரித்துவிட்டார். "களவு போகல, மிரட்டல. அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அதோடு போயிருந்தால் நல்ல மனிதர் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் ஜீப்பில் இருந்து ஒரு பார்சலை எடுத்து வரச்சொல்லி, லயமே பார்த்துக்கொண்டிருக்க, என் இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் வைத்திருப்பார். அது எந்தப் பார்சல் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? அரிசி, பருப்பு, பால்மா. காட்டிக்கொடுத்தவர்களுக்கு உள்ள பார்சல்.

நான் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு, நடுப் பாதையில், எல்லாரும் பார்க்க, தோட்டத்து ஆபீஸ்வரை தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் வைத்தேன். "நான் ஒன்னும் விக்கல" என்றேன். திரும்பி வந்தேன். நான் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள்தான் வாங்கினேன் என்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தப் பொடியன் மறுபடி வந்தாலும் ரொட்டி கொடுப்பேன். அவனைத் தேடி வருகிறவன் நனைந்து வந்தால் அவனுக்கும் கொடுப்பேன். பேர் மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

மகன் அன்றைக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று நானும் கேட்கவில்லை. இப்போதும் ஜீப் சத்தம் கேட்டால் உள்ளேதான் போகிறான். அன்றைக்கு ஜீப்பிடம் எதற்குப் போனான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்லத்தான் போயிருப்பான் என்று லயத்தில் பேசுகிறார்கள். போயிருக்கலாம். என்ன சொன்னான் என்பதுதான் கணக்கு. அந்தச் சொல்லை இதற்கு முன்னால் ஒரு பஸ் முழுக்க ஆள் இருந்தும் ஒருவரும் சொல்லவில்லை. என் மகன் சொன்னான். லயத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

பேத்தி, பள்ளிக்கூட உடுப்பை மாத்திட்டு இங்க வா. எழுத்துப் பிழை இருந்தா திருத்து, என் பேச்சைத் திருத்தாதே. ஒங்கப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து இஸ்தோப்புல உக்காரட்டும். அவன் உக்காந்த பிறகு, இதை முதல்ல இருந்து சத்தமா வாசி.